குண்டசாலை மண்ணுக்குள் யாருடைய வரலாறு?

கண்டி நகரத்துக்குக் கிழக்கே, மகாவலி கங்கையின் கரையை ஒட்டி அமைந்துள்ள குண்டசாலை, கடந்த சில தசாப்தங்களில் வேகமாக உருமாறிய பிரதேசங்களில் ஒன்றாகும். மலைகளால் சூழப்பட்ட கண்டி நகரம் விரிவடைவதற்குப் போதிய இடமில்லை. அதனால் நகரத்தால் தாங்க இயலாதவை பலவும் இந்தப் பக்கமாகவே நகர்ந்துள்ளன. பல்லேகலையில் கைத்தொழில் வலயம் அமைந்தது. மத்திய மாகாண சபையின் அலுவலகங்கள் வந்தன. 2009 ஆம் ஆண்டு சர்வதேச கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்டி நகர மத்தியில் இருந்த போகம்பரைச் சிறைச்சாலையும் 2014 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பல்லேகலைக்கு மாற்றப்பட்டது. இவற்றோடு வீடமைப்புத் திட்டங்களும் துண்டு துண்டாக விற்கப்படும் பழைய தோட்டக் காணிகளும் சேர்ந்துகொண்டன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளைப் புரட்டிப் போட்ட பின்னர், பாதுகாப்பான மாற்றுக் காணிக்கான தேவை மேலும் அதிகரித்துள்ளது.

கட்டிடங்கள் வேண்டாமென்று எவரும் கூறப்போவதில்லை. ஆயினும் அத்திவாரம் வெட்டப்படும் நிலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை வெட்டுவதற்கு முன்னரே அறிந்துகொள்ளும் வழக்கம் நம்மிடம் உரிய அளவில் வேரூன்றியிருக்கிறதா என்ற கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியாது. குண்டசாலை போன்ற ஓர் இடத்தில் இந்தக் கேள்விக்கு இரட்டிப்பு முக்கியத்துவம் உண்டு. ஏனெனில், அங்குள்ள மண் ஒரே வரலாற்றை மாத்திரம் சுமந்திருக்கவில்லை.

அரசனின் ஊர்

1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன், தலைநகரை விட்டு விலகிக் குண்டசாலையில் அரண்மனை அமைத்து வாழ்ந்தவன். இதன் காரணமாகவே மக்கள் வழக்கில் அவனுக்குக் குண்டசாலை மன்னன் என்ற பெயர் நிலைத்தது. கண்டியின் சிங்கள அரச பரம்பரையில் கடைசியாக முடிசூடியவன் இவனே. மதுரையிலிருந்து வந்த இளவரசியரை மணந்த இம்மன்னன் பட்டத்துக்குரிய வாரிசு இன்றி மறைந்தபோது, பட்டத்தரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயருடன் 1739 இல் அரியணை ஏறினான். கண்டியில் நாயக்கர் ஆட்சி அவ்வாறுதான் தொடங்கியது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன் ஆகியோரைத் தொடர்ந்து, கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனோடு 1815 இல் அது முடிவுற்றது. அந்தக் கடைசி மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தான்.

எனவே, குண்டசாலை அரண்மனை ஒரு பரம்பரையின் அந்தமும் மற்றொரு பரம்பரையின் ஆரம்பமும் சந்தித்த இடமாகும். அந்த அரண்மனை இன்று நிமிர்ந்து நிற்கவில்லை. ஆனால், நிற்காத கட்டிடம் இல்லாமற்போன கட்டிடம் ஆகாது. சுவர் இடிந்தாலும் அத்திவாரத்தின் வரிசை மண்ணுக்குள் எஞ்சலாம். கூரை எரிந்தாலும் ஓட்டுத் துண்டுகளும் கரிப் படலமும் எஞ்சலாம். சமையற்கட்டின் கழிவுக் குழியில் உடைந்த பீங்கானும் விலங்கு எலும்பும் எஞ்சலாம். அரசவை எங்கிருந்து பண்டங்களைத் தருவித்தது, மதுரையிலிருந்து வந்தோர் எத்தகைய கலங்களில் சமைத்தனர் என்பன போன்ற, எந்த ஏட்டிலும் எழுதப்படாத செய்திகளை இத்தகைய எச்சங்களே கூறவல்லன.

நரேந்திரசிங்கன் காலத்துக் கண்டியைப் பற்றிய மற்றொரு செய்தியும் இங்கு நினைவுகூரத்தக்கது. கத்தோலிக்க மதகுருவான யோசவ் வாஸ் அடிகளார் 1711 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கண்டியில் காலமானார். 2015 இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆயினும், அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் இன்றுவரை உறுதியாக அடையாளம் காணப்படவில்லை. நாட்டின் வரலாற்றில் இத்துணை முக்கியமான ஒருவரின் கல்லறையையே ஒரு நகரம் தன் கட்டிடங்களுக்கு அடியில் தொலைத்துவிட முடியும் என்றால், பெயரற்ற சாமானியரின் தடயங்கள் எந்தக் கதிக்கு ஆளாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முன்னாய்வு என்றால் என்ன?

தொல்பொருளியல் என்றதும் பலருக்கும் பொன் ஆபரணமும் சிலையுமே நினைவுக்கு வருகின்றன. உண்மையில், ஒரு பொருளைக் காட்டிலும் அது கிடந்த இடமே தொல்லியலாளருக்கு அதிகம் பேசும். மனிதர் வாழ்ந்த நிலத்தில் மண் அடுக்கடுக்காகப் படிகிறது. வீடு கட்டும்போது ஒரு படலம், அது எரியும்போது இன்னொன்று, கைவிடப்பட்டுக் காடாகும்போது வேறொன்று. கீழ் அடுக்கு முந்தியது. மேல் அடுக்கு பிந்தியது. ஓர் அடுக்குக்குள் ஒரு நாணயமோ கலவோட்டுத் துண்டோ கிடைத்தால், அந்த அடுக்கின் காலத்தையும் அதற்கு மேலும் கீழும் உள்ளவற்றின் காலத்தையும் கணிக்க வழி பிறக்கிறது. மண்வெட்டும் இயந்திரம் இந்த அடுக்குகளைக் கலக்கிவிட்டால், அதே நாணயம் வெறும் பழம்பொருளாக மாறிவிடும். எரிந்த நூலின் ஒற்றைத் தாளைக் கையில் வைத்திருப்பதற்கு ஒப்பானது அது.

இதனாலேயே நிர்மாணத்துக்கு முன்னரான ஆய்வு படிப்படியாக மேற்கொள்ளப்படுகிறது. முதற்படி மேசையில் நடப்பது. பழைய நில அளவை வரைபடங்கள், காணி உறுதிகள், இடப்பெயர்கள், பயணிகளின் குறிப்புகள் ஆகியவை ஒப்புநோக்கப்படும். கண்டிப் பகுதியைப் பொறுத்தவரை, மாவட்ட நீதிபதியாக இருந்த ஆர்ச்சிபோல்ட் லோரி என்பவர் ஊர் ஊராகத் தகவல் திரட்டி 1896 முதல் 1898 வரையான காலத்தில் வெளியிட்ட மத்திய மாகாண விவரத் திரட்டு இதற்குப் பெருந்துணையாகும். இரண்டாவது படி, நிலத்தின் மேற்பரப்பை வரிசையாக நடந்து பார்த்து, கிடைக்கும் ஓடு, செங்கல், கலத்துண்டு ஆகியவற்றை இடம் குறித்துப் பதிவு செய்வது. மூன்றாவது படி, குறிப்பிட்ட இடைவெளிகளில் சிறிய சோதனைக் குழிகளை வெட்டி அடுக்குகளைப் பார்ப்பது. மண்ணின் மின்தடை போன்ற இயல்புகளை அளந்து, புதைந்துள்ள சுவர்களை வெட்டாமலேயே ஊகிக்கும் கருவிகளும் இன்று உள்ளன.

இவற்றின் முடிவில் மூன்று தீர்வுகளில் ஒன்று கிட்டும். ஒன்றுமில்லையெனில் கட்டிட வேலை தாராளமாகத் தொடங்கலாம். முக்கியமானது இருந்து, திட்டத்தைச் சற்று நகர்த்த முடியுமெனில், அதனை மண்ணுக்குள்ளேயே விட்டுப் பாதுகாக்கலாம். நகர்த்த முடியாவிடின், முழுமையாக அகழ்ந்து, அளந்து, படமெடுத்து, பதிவு செய்த பின்னர் கட்டலாம். அபிவிருத்தியை நிறுத்துவது இதன் நோக்கம் என்று கருதுவது தவறாகும். இழக்கப்போவது இன்னதென்று அறிந்து முடிவெடுக்க வைப்பதே இதன் பணி.

பிந்திய ஆய்வின் விலை

முன்கூட்டிப் பார்க்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு மன்னார் நமக்குக் கண்கண்ட சாட்சியாகும். 2018 ஆம் ஆண்டு மன்னார் நகரில் சதொச விற்பனை நிலையத்துக்காக அத்திவாரம் வெட்டப்பட்டது. அங்கிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட மண்ணில் மனித எலும்புத் துண்டுகள் காணப்பட்ட பின்னரே, அந்த நிலம் ஒரு புதைகுழி என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடைபெற்ற அகழ்வில் 300 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அமெரிக்காவின் புளோரிடா மாநில ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட மாதிரிகள் 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்ட காலத்தவை என 2019 மார்ச்சில் அறிக்கை வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் உட்படப் பலர் அம்முடிவு குறித்துக் கேள்விகளை எழுப்பினர். ஒரு பகுதி மண் முன்னரே இயந்திரத்தால் கலைக்கப்பட்டு வெளியே போய்விட்ட இடத்தில், எந்த விடையும் எல்லோரையும் திருப்திப்படுத்துவது கடினமே. பெற்ற பிள்ளையைத் தேடும் தாய்க்கு மண்ணடுக்கு என்பது ஏட்டுப் பாடம் அன்று. அவளுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே சாட்சியம் அது.

கண்டிக்கு அருகே மாத்தளையிலும் இதே கதைதான். 2012 ஆம் ஆண்டின் இறுதியில் வைத்தியசாலை வளவில் நிர்மாண வேலைக்காக வெட்டியபோதே எலும்புகள் வெளிப்பட்டன. யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025 இல் தொடங்கிய அகழ்வுக்கும் தகன மேடை நிர்மாணத்துக்காக வெட்டப்பட்ட மண்ணே காரணமாயிற்று. ஒவ்வொரு முறையும் முதல் ஆய்வாளராக இருந்தது கூலித் தொழிலாளியின் மண்வெட்டியே என்பது கவலைக்குரியதாகும்.

குண்டசாலைக்கு அயலிலேயே வேறொரு வகை இழப்பும் உண்டு. 1985 இல் விக்டோரியா நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. வறட்சிக் காலங்களில் நீர்மட்டம் தாழும்போது அந்நகரத்தின் இடிபாடுகள் தலைகாட்டுவதையும், மக்கள் திரண்டு சென்று பார்ப்பதையும் நாம் அறிவோம். மூழ்கிய ஊரைப் பார்க்க மக்கள் கொள்ளும் அந்த ஆவலே, நிலத்தின் நினைவு எத்தகையது என்பதற்குச் சான்றாகும்.

1815 மார்ச் 2 என்ற கோடு

சட்டம் இல்லை என்று கூற முடியாது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் நம்மிடம் உள்ளது. 1998 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் வாயிலாக, அபிவிருத்தித் திட்டங்களுக்கு முன்னர் தொல்பொருள் தாக்க மதிப்பீடு செய்யும் கடப்பாடு புகுத்தப்பட்டது. அதற்கான நடைமுறைக் கட்டளை 2000 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாயிற்று. மதிப்பீட்டுச் செலவை நிர்மாணத்தை மேற்கொள்பவரே ஏற்க வேண்டும் என்பதும் அதன் அடிப்படைக் கொள்கையாகும். இலண்டனில் சேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் எச்சங்கள் 1989 இல் ஒரு கட்டிடத் தளத்தில் வெளிப்பட்டுப் பெரும் போராட்டம் மூண்ட பின்னர், 1990 இல் இங்கிலாந்து வகுத்துக்கொண்ட வழிகாட்டலின் சாரமும் இதுவே.

ஆனால், நமது கட்டளைச் சட்டத்தின் வரைவிலக்கணத்தில் ஒரு தேதி பொறிக்கப்பட்டிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவையே பொதுவாகத் தொல்பொருட்களாகக் கொள்ளப்படும். அது கண்டி இராச்சியம் பிரித்தானிய முடியிடம் கையளிக்கப்பட்ட ஒப்பந்தத்தின் நாள். பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் கையொப்பமிட்ட அதே ஒப்பந்தம்தான். அந்நாளுக்குப் பிற்பட்டவற்றுக்குப் பாதுகாப்பு வேண்டுமாயின், 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழைமையுடைய நினைவுச் சின்னங்களை அமைச்சர் தனித்தனியாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்த வேண்டும்.

குண்டசாலையில் இந்தக் கோடு எதனை வெட்டுகிறது என்று பார்ப்போம். நரேந்திரசிங்கனின் அரண்மனை கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. ஆனால், தும்பறைப் பள்ளத்தாக்கில் 19 ஆம் நூற்றாண்டில் கோப்பியும், 1869 இல் தோன்றிய இலை நோய் கோப்பியை அழித்த பின்னர் கொக்கோவும் பெருகிய வரலாறு முழுவதும் கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. அந்தத் தோட்டங்களை உருவாக்கிய தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் வரலாறும் அதனுடன் வெளியே போகிறது. மலையகத் தமிழர் தமது 200 ஆண்டு நிறைவை 2023 இல் நினைவுகூர்ந்தனர். அவர்களது வரலாறு முழுவதுமே 1815 க்குப் பிற்பட்டது. ஆகவே, அவர்கள் வாழ்ந்த எந்த லயமும், நின்ற எந்தப் பிரட்டுக்களமும், புதைக்கப்பட்ட எந்த மயானமும் சட்டத்தின் பார்வையில் இயல்பாகவே தொல்பொருள் ஆகாது.

இது வெறும் சொல் விளையாட்டு அன்று. ஒரு பழைய தோட்டக் காணி வீடமைப்புக்காகவோ தொழிற்சாலைக்காகவோ துப்புரவாக்கப்படும்போது முதலில் இடிக்கப்படுவது லயம்தான். அந்த நெருக்கமான காம்பராக்களின் அளவு, அடுப்பு இருந்த மூலை, பின்புறத்துக் குப்பைக் குழி, பிள்ளைக் காம்பரா, காமன் பொட்டல், மாரியம்மன் கோயிலின் முதல் கல் ஆகியவை எல்லாம் ஒரு நாளில் இல்லாமற்போகக் கூடியவை. தோட்டத்துரைமார் கணக்கேடு எழுதினர்; குறிப்பேடு எழுதினர். மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்து, வழியிலேயே பலரைப் பறிகொடுத்து, எஞ்சியவர்களாய் இம்மலைகளை அடைந்தோர் எழுதிவைத்தவை மிகச் சொற்பம். 1901 முதல் தொழிலாளருக்கு வழங்கப்பட்ட தகரத் துண்டு, தேய்ந்த அம்மி, பித்தளைச் செம்பு ஆகியனவே அவர்களது கையொப்பங்கள். எழுதாதவரின் வரலாற்றை எழுத மண்ணைவிட நம்பகமான ஏடு வேறில்லை.

நியூயோர்க்கும் மொரீசியசும்

உழைத்து மாண்டவர்களின் தடயத்தைப் பழைமை குறைந்ததென்று ஒதுக்கிய நாடுகள் பின்னர் தலைகுனிய நேர்ந்ததுண்டு. 1991 இல் நியூயோர்க் நகரின் கீழ் மன்ஹட்டனில் மத்திய அரசாங்கக் கட்டிடம் ஒன்றுக்காக நிலம் தோண்டப்பட்டபோது, அடிமைகளாகவும் சுதந்திரராகவும் வாழ்ந்த ஆபிரிக்கரின் இடுகாடு வெளிப்பட்டது. அவ்விடத்தில் இடுகாடு இருந்ததை 18 ஆம் நூற்றாண்டு வரைபடம் காட்டியிருந்தது. பின்னாளில் எழுந்த கட்டிடங்கள் அதனை அழித்திருக்கும் என்று அனுமானித்து முன்னாய்வு அதனைக் கடந்து சென்றிருந்தது. கறுப்பின மக்களின் எதிர்ப்பை அடுத்து 1992 இல் அகழ்வு நிறுத்தப்பட்டது. மீட்கப்பட்ட 419 பேரின் எச்சங்கள் ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்டன. சிறு வயதிலேயே சுமந்த பாரத்தின் வடுக்களை எலும்புகள் காட்டின. 2003 இல் அவை மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 2006 இல் அவ்விடம் தேசிய நினைவிடமாயிற்று. ஆய்வை யார் செய்ய வேண்டும், என்ன கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதில் அந்தச் சமூகத்துக்கும் குரல் கிடைத்ததே இதில் மிகப்பெரிய பாடமாகும்.

நமக்கு இன்னும் நெருக்கமானது மொரீசியசின் உதாரணம். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்கள், அவர்களுள் தமிழரும் அடக்கம், இறங்கிய போர்ட் லூயிசின் குடிவரவு நிலையத்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதியே. எஞ்சிய அந்தச் சுவர்களையும் படிக்கட்டுகளையும் அகழ்ந்து காத்த மொரீசியசு, ஆப்பிரவாசி காட் என்ற பெயரில் அவற்றை 2006 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கண்டி நகரம் 1988 முதலே அதே பட்டியலில் உள்ளது. ஆனால், அது அரசர்களின் கண்டி. தலதா மாளிகையின் கண்டி. கூலிகளின் கண்டிக்கு இன்னும் பட்டியல் இல்லை.

அச்சமும் அதற்கான மாற்றும்

தொல்பொருள் ஆய்வு என்றதும் தமிழ் மக்கள் மத்தியில் ஒரு தயக்கம் எழுவதை மறைக்கத் தேவையில்லை. வடக்கு கிழக்கில் காணிகளும் ஆலயங்களும் தொல்பொருளின் பெயரால் சர்ச்சைக்குள்ளான அனுபவம் அதற்குக் காரணம். கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென 2020 ஜூனில் அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இடம்பெறாமை அத்தயக்கத்தை உறுதிப்படுத்தியது. முடிவை முன்னரே எழுதிவிட்டு நிலத்தைத் தோண்டுவது ஆய்வாகாது.

ஆயினும், அதற்கான மாற்று ஆய்வைப் புறக்கணிப்பதில் இல்லை. ஒழுங்கான ஆய்வைக் கோருவதிலேயே இருக்கிறது. சோதனைக் குழியின் அடுக்குகளுக்கு இன பேதம் கிடையாது. முறையாக அளந்து, முறையாகப் பதிந்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்ட அறிக்கையே பொய் உரிமைக்கோரலுக்கு எதிரான வலுவான அரண் ஆகும். குண்டசாலை மண்ணில் சிங்கள அரசனும் மதுரை அரசியும் தோட்டத் தொழிலாளியும் அடுத்தடுத்த அடுக்குகளில் இருப்பார்களாயின், எந்த ஓர் அடுக்கையும் மற்றதை மறைக்கப் பயன்படுத்த முடியாது.

ஆகவே, செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, தொல்பொருள் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள் கோப்புகளில் முடங்காமல் மூன்று மொழிகளிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, மதிப்பீடு காணியின் வரலாற்று அம்சத்தையும் கணக்கில் எடுக்கச் சட்டம் இடமளிப்பதால், தோட்டக் காணிகளில் 1815 க்குப் பிற்பட்ட அடுக்குகளும் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும். லயங்களுள் ஒரு சிலவற்றையேனும் அமைச்சர் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாகப் பிரகடனப்படுத்துவதற்குச் சட்டத்தில் தடையில்லை. மூன்றாவதாக, தமிழ்க் கல்வெட்டையும் கல்லறை எழுத்தையும் படிக்கத் தெரிந்தவர்கள் ஆய்வுக் குழுக்களில் இடம்பெற வேண்டும். தொல்லியல் கற்பிக்கும் பேராதனைப் பல்கலைக்கழகம் அருகிலேயே உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பயிற்சி பெற்றோர் உள்ளனர்.

காலதாமதம் ஏற்படும் என்பதே நிர்மாணத் துறையினர் வழக்கமாக முன்வைக்கும் வாதமாகும். இஸ்தான்புல் நகரின் நிலக்கீழ் ரயில் பாதைத் திட்டத்தில் 2004 முதல் யெனிகாப்பியில் நடந்த அகழ்வின்போது 37 பழங்காலக் கப்பல்கள் கிடைத்தன. 2009 இல் திறக்கப்பட வேண்டிய பாதை 2013 இலேயே திறக்கப்பட்டது. வேலை நடுவில் வெளிப்படும் வரலாறு ஆண்டுகளை விழுங்கும் என்பதையே அது காட்டுகிறது. திட்டம் வரையும்போதே செய்யப்படும் முன்னாய்வு இத்தகைய அதிர்ச்சிகளைக் குறைக்கும். செலவைக் கருதினாலும் அதுவே சிக்கனமான வழி.

குண்டசாலையில் நாளை எழப்போகும் கட்டிடங்கள் அரை நூற்றாண்டோ ஒரு நூற்றாண்டோ நிற்கக்கூடும். அவற்றுக்காக ஒரு முறை கலைக்கப்படும் மண்ணை எக்காலத்திலும் மீண்டும் அடுக்க முடியாது. மத்திய மாகாணத்தின் மக்கள் பிரதிநிதிகளும் தொல்பொருள் திணைக்களமும் நகர அபிவிருத்தி அதிகார சபையும், அடுத்த காணி துப்புரவாக்கப்படுவதற்கு முன்னர் இவ்விடயத்தில் கவனம் செலுத்த வேண்டும். லயம் இடிந்த பின்னர் அதன் வரலாற்றைத் தேடுவதால் எவருக்கும் பயனில்லை.